அழித்தாலும் வரும் வரி

அந்த வரியை மருந்துக் கடைக்காரர் எழுதவில்லை.

போனில் திறந்த ரவுட்டர் செட்டிங் பக்கத்தில், 'நேட்' என்ற பட்டியலுக்கு அடியில், அது புதிதாக உட்கார்ந்திருந்தது. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவருக்கும் இது புரியவில்லை. மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“மச்சான், நேட்னா என்ன?”

“வெளியிலேருந்து வர்றவனை வீட்டுக்குள்ள எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்னு சொல்ற பட்டியல், மாப்ளே. வாசல்ல வாட்ச்மேன் மாதிரி.”

“நான் சொல்லாமலே வாட்ச்மேன் யாரையோ உள்ளே விடுறானே!”

“ஐயையோ! உடனே அழி.”

அழித்தார்.

மூடிய அறைக்குள் மனைவிக்கு ஆன்லைனில் வேலைக்கான தேர்வு. எட்டு வருடம் அடுப்படியில் கழித்த பிறகு வந்த முதல் வாய்ப்பு. “ஒரு மணி நேரம் நெட் போகாம பார்த்துக்கோங்க. தலையே போனாலும் கதவைத் தட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுத் தாழ் போட்டிருந்தாள். அதற்காகவே கடையை மூடிவிட்டுக் காவல் இருந்தார்.

வரி திரும்ப வந்தது. அழித்தார். வந்தது.

“மச்சான், எவனோ உள்ளே உட்கார்ந்து எழுதுறான்!”

“பாஸ்வேர்டை மாத்து. எவனாலும் ஊகிக்க முடியாததா வை.”

மனைவியின் பிறந்த நாளை வைத்தார். ஒரு வாய் டீ குடிப்பதற்குள் வரி வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும்.

“அவனுக்கு உன் தங்கச்சி பிறந்த நாள் தெரியுதுடா!”

“போன வருஷம் உனக்கே தெரியலையே! அப்ப இது சாதாரணத் திருடன் இல்ல, மாப்ளே.”

மறுபடி உள்ளே போகப் பார்த்தார். பாஸ்வேர்டு தவறு என்றது. சொந்த வீட்டு ரவுட்டர் அவரை யார் நீ என்று கேட்டது.

“ஒயரைப் பிடுங்கு!”

“உள்ளே பரீட்சை நடக்குதுடா!”

“பரீட்சை இன்னொண்ணு வரும். வீடே கைவிட்டுப் போகுது!”

பிடுங்கினார். ரவுட்டரின் பச்சை விளக்குகள் அணைந்தன. அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது.

கதவு திறந்தது. கையில் போனோடு மனைவி. நெற்றியெல்லாம் வியர்வை. ஒயரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“போச்சு” என்றாள்.

அவர் அவசரமாக ஒயரைத் திரும்பச் செருகினார்.

போன் அடித்தது. தேர்வு நடத்துகிறவர். ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்க வீட்டு ரவுட்டர்ல நேட் வரி எழுதுறதுதாம்மா நாங்க வெச்ச பரீட்சை, நடுவுல அதை அழிக்க வந்த திருடனையும் பாஸ்வேர்டை மாத்தித் துரத்தினீங்க பாருங்க, திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடுங்க!”