நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கும் கார்

அன்புத் தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடம்பால் சௌக்கியம். மனசால் சௌக்கியமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உன் முழங்கால் வலிக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதல் பலிக்கிறவரை மாடிப்படி ஏறாதே.

முதலில், சம்பவம் நடந்தபோது எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் விவரம், ஒருவர் விடாமல்: நான். உன் அத்தான். உன் அத்தானின் அக்கா, அதாவது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற நம்ம அண்ணி. அண்ணியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற பல் டாக்டர். மேஜை மேல் என் போன். போனை எதற்கு ஆள் கணக்கில் சேர்த்தாய் என்று கேட்காதே. அன்றைக்கு அந்த ஹாலில் அதிகம் பேசியது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீ. நூலகத்தில் வேலை பார்க்கிறவள் உன் வேலையை அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாதா? "அக்கா, படிக்கிற புத்தகத்தையெல்லாம் இதுல போட்டு வை, எந்தப் பக்கத்துல இருக்கேன்னு எழுது, நாலு பேர் பார்ப்பாங்க, அவங்க படிக்கிறத நீ பார்க்கலாம்" என்று அந்தப் புத்தகத் தளத்தை என் போனில் திறந்து, எனக்குக் 'கறார்' என்று ஒரு பேரும் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாய். என் சுபாவம் உனக்குத் தெரியாதா? பால் கணக்கு, சலவைக் கணக்கு, விளக்குத் திரி கணக்கு வரைக்கும் எழுதுகிறவளிடம் படிப்புக்கும் ஒரு கணக்கைக் கொடுத்தால், ஒரு வரி விட மனசு வருமா? காலையில் குளித்துவிட்டு தோத்திரப் புத்தகத்தைத் தினமும் முழுசாகப் படிக்கிறேன், அதனால் தினமும் 'முடித்தேன்' என்று பதிந்தேன். இந்த வருஷத்து இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று முதல் மாசமே திரை முழுக்கக் கலர் காகிதம் தூவி வாழ்த்தியது. முன்பின் தெரியாத ஒருத்தர், "இவ்வளவு வேகமாப் படிக்கிறதுக்கு என்ன வழிங்க?" என்று கேட்டார். "முதலில் குளிக்க வேண்டும்" என்று பதில் போட்டேன். அதற்கு ஒரு பெருங்கூட்டமே இதயம் போட்டது. ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அப்புறம் குக்கரோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். "தெளிவான நடை. ஆனால் ஒரே கதையை ஆறு மொழியில் சொல்லியிருக்கத் தேவையில்லை. நாலு நட்சத்திரம்" என்று எழுதினேன். தெரியாத ஐந்து மொழியையும் விரல் வைத்து வரி வரியாகத் தடவிய பிறகுதான் 'முடித்தேன்' என்பதை அமுக்கினேன். பொய்க்கணக்கு நமக்கு ஆகாது.

இந்த நேரத்தில்தான் அண்ணி நாவல் எழுதி அச்சடித்துக் கொண்டுவந்து, கையெழுத்துப் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, ஸ்கூல் காருக்குள்ளேயே உட்கார்ந்து, முதல் மாணவர் வருவதற்குள் எழுதினதாம். நானும் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஆனால் தங்கச்சி, டிரைவிங் சொல்லித்தருகிறவர் நாவல் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? நான் அந்தத் தளத்தில் உள்ளது உள்ளபடி எழுதி வந்ததை அப்படியே தருகிறேன். பக்கம் 12: கதாநாயகி காரில் ஏறிவிட்டாள். பக்கம் 19: சீட்டை முன்னால் நகர்த்துகிறாள். பக்கம் 27: சீட்டைப் பின்னால் நகர்த்துகிறாள். பக்கம் 34: பக்கத்து சீட்டைத் துணியால் துடைக்கிறாள், ஏன் என்று தெரியவில்லை. பக்கம் 41: கண்ணாடியைத் திருப்பி வீட்டு வாசலைப் பார்க்கிறாள், கார் நிற்கிறது. மறுநாளும் பக்கம் 41, கார் நிற்கிறது. அதற்கு மறுநாளும் அதேதான். அவள் கண்ணாடியைத் திருப்பினால் போதும், எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. எடுத்த புத்தகத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. ஆக நானும் நிற்கிறேன், காரும் நிற்கிறது, தினமும் அதைப் பதிகிறேன். இதைப் பார்க்கவென்றே தினமும் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்! "கறார், இன்னைக்காவது கிளம்புச்சா?" என்கிறார் ஒருத்தர். "பெட்ரோல் இருக்கான்னு பாருங்க" என்கிறார் இன்னொருத்தர். "நாங்க நாலு பேர் வந்து தள்ளி விடட்டுமா?" என்று ஒரு கூட்டம். எல்லோருக்கும் மரியாதையாக "இன்னும் இல்லை" என்று பதில் போட்டேன். அதற்கும் இதயம்.

இது இப்படி இருக்க, உன் அத்தான் வேறு தன் பங்குக்கு ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறார். அண்ணி போனில், "உன் பொண்டாட்டி படிச்சாளாடா?" என்று கேட்டதற்கு, "படிச்சாளாவா! ரெண்டு தடவை முடிச்சுட்டாக்கா. ரெண்டாவது தடவை அழுதுட்டா" என்று அளந்துவிட்டிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. அண்ணி டாக்டரையும் கூட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

வந்ததும் வராததுமாக, "எவனோ ஒருத்தன் கறாராம்! என் கார் நிக்குதுன்னு ஊரெல்லாம் தமுக்கடிக்கிறான். அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்" என்றார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனேன். டாக்டர் பாவம், சிரிப்பை அடக்க முடியாமல், "ஆனா மேடம், நல்லாத்தான் எழுதுறார். நான் ஸ்டியரிங்கைத் தொடவே நீங்க இன்னும் விடலையா, அதனால எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே தன் போனில் ஒரு இதயத்தைத் தட்டினார். மேஜை மேலிருந்த என் போன் 'டிங்' என்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அத்தான் சட்டென்று, "அதுவா, அவ பிரார்த்தனை நேரம். மணி அடிச்சா உடனே எழுந்து கும்பிடுவா" என்றார். என்ன செய்வேன்? போய்க் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். டாக்டர் அடுத்ததைத் தட்டினார். டிங். எழுந்தேன். உட்கார்ந்தேன். டிங். பழைய குறிப்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் தட்டுகிறார் மனுஷன்! சாமி அலமாரிக்கும் நாற்காலிக்கும் நடந்து நடந்து எனக்கு உன் முழங்கால் வலி வந்துவிட்டது. "இவளுக்கு இவ்வளவு பக்தியாடா?" என்று அண்ணி கேட்க, "இன்னைக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்கிறார் உன் அத்தான். மணி பொய்யாக இருக்கலாம். நான் கும்பிட்டது ஒவ்வொன்றும் நிஜக் கும்பிடு. 'பூமி பிளந்தால் தேவலை' என்பதுதான் அத்தனை தடவையும் வேண்டுதல்.

கிளம்பும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். லாரிக்காரனையே இறக்கிவிட்டுத் திட்டுகிற பெண்மணிக்குக் கண்ணோரம் ஈரமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை நம்ம ஸ்கூல்ல, எல்லார் முன்னாடியும் என் நாவலைப் பத்தி நீ பேசணும். முடிவு எப்படி இருக்குன்னு சொல்லணும். ரெண்டு தடவை முடிச்சவ நீ ஒருத்திதானே! இல்லேன்னா ரெண்டாவது நாவல் எழுதுறத விட்டுடுவேன். அந்தத் தாளையெல்லாம் கார் கண்ணாடி துடைக்கத்தான் வச்சுக்கணும்" என்றார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஒரு வரியால் ஒருத்தர் விடியற்காலை எழுந்திருப்பதை நிறுத்தினால் அந்தப் பாவத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே தங்கச்சி, நீ உடனே இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, கறார் என்கிற அந்த ஜென்மத்தை அங்கிருந்து அடியோடு அழித்துவிடு. இரண்டு, உங்கள் நூலகத்துக்கு அண்ணி அனுப்பிய பிரதியை நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து நீ படித்து, கதையைச் சுருக்கி ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், இணையம் இல்லாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பதற்றத்தில் இருக்கும் உன் அக்கா

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்யாதே. கறார் மேல் கை வைத்தால் தெரியும் சேதி! கடிதத்தை மடிக்கிறதுக்கு முன்னால, பக்க எண் சரிதானான்னு பார்க்க அந்தப் புத்தகத்தை எடுத்தேனா, நின்னுக்கிட்டே படிச்சதுல தூக்கம் வரலை, நாற்பத்திரெண்டாம் பக்கம் வந்துடுச்சு. அவ ஏன் கண்ணாடியில வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா தெரியுமா? தம்பி பொண்டாட்டி வர்றதுக்காக! உள்ள அவ சாமி கும்பிட்டு, பால் கணக்கு எழுதி முடிச்சிட்டு வர்றாளாம். பக்கத்து சீட்டைத் துடைச்சு வச்சதே அவளுக்காகத்தானாம். கார் அத்தனை பக்கமும் நின்னது எனக்காகடி! நான் என்னடான்னா கார் நிக்குதுன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். அப்புறம் என்ன, பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓட ஓட ஒரே மூச்சுல முடிச்சேன். நிஜமாவே அழுதேன், ஆக அத்தான் சொன்னதுல பாதி உண்மையாயிடுச்சு. அஞ்சு நட்சத்திரம் போட்டு "கார் கிளம்பிவிட்டது" என்று எழுதினேன். போன் இன்னும் டிங் டிங் டிங்தான், அத்தனைக்கும் யார் எழுந்து கும்பிடுறது!

மனசு கேட்காமல் அண்ணிக்கே போன் போட்டு, "கறார் நான்தான் அண்ணி" என்றேன். "தெரியும். ரெண்டாவது கும்பிடுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார்கள். "அப்புறம் ஏன் அண்ணி டாக்டர் விடாம அமுக்கினார்?" என்றேன். "நான்தான் மேஜைக்கு அடியில அவர் காலை மிதிச்சு அமுக்கச் சொன்னேன். பிரேக்கைத்தான் அமுக்கத் தெரியலை, இதையாவது அமுக்கட்டுமேன்னு" என்றார்கள். சிரித்துச் சிரித்து அவர்களுக்கு விக்கல் வந்துவிட்டது. இரண்டாவது நாவலில் முதல் பக்கத்திலேயே கார் கிளம்புமாம். பின் சீட்டில் போகிற வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வருகிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் உன்னைத்தான் நினைத்திருக்கிறோம். ஏறிக்கொள்ள உனக்குச் சம்மதமா? சீக்கிரம் பதில் போடு.