சஹன் தட்டில் ஓர் எல்லை மீறல்

உப்பளக் கோப்பைக் கால்பந்துக் கூட்டமைப்பு, வீரர்களின் நடத்தையை மைதானத்துக்கு வெளியேயும் கண்காணிப்பதெனத் தீர்மானித்தது. பெரிய நகரங்களில் அவ்வாறு செய்கிறார்களாம். அதிராம்பட்டினம் மட்டும் பின்தங்கலாமா? ஒழுங்குக் குழு அமைந்தது. அதன் தலைவர் ஜெய்னுலாபுதீனுக்குச் சுழல் நாற்காலி வந்தது. இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் புகார்களும் வந்து சேர்ந்தன.

முதல் புகார், பட்டுக்கோட்டைப் பேருந்தின் நடத்துனர் சிங்காரவேலுவினுடையது. படிக்கட்டில் தொங்காமல் உள்ளே வரும்படி சொன்னதற்காக, முன்கள வீரர் பரிதி அவரை அறைந்திருந்தார். சாட்சியாகக் கன்னம் வீங்கியிருந்தது.

"வேற ஒண்ணும் வேணாங்க. எல்லாரும் பார்க்க அடிச்சான். எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்கட்டும்."

தலைவர் விதிகளை ஆழ்ந்து ஆராய்ந்தார்.

"முன்கள வீரருக்கு ஆட்டத்துல கை உபயோகம் கிடையாது. உங்களை அடிச்சது கையால. ஆக, இதுக்கும் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை."

"காலால உதைச்சிருந்தா?"

"விட்டிருக்கவே மாட்டோம்."

"அதுக்காக அவன் இன்னொரு தடவை என் பஸ்ஸுல ஏறணுமாங்க?"

"ஆட்டம் முடியட்டும். பரிசீலிப்போம்."

இரண்டாம் புகாரைத் தலைவரே அளித்து, தாமே பெற்று, தாமே விசாரித்தார். கல்யாண வீட்டில் நால்வர் கூடி உண்ணும் சஹன் தட்டில் அவரவர் முன்பக்கத்திலிருந்து உண்பதே மரபு. பரிதியின் அணியைச் சேர்ந்த கோல்கீப்பர் ஃபாஜிலோ, தலைவரின் பக்கத்திலிருந்த கறித்துண்டை எடுத்துவிட்டார்.

"மாமா, அது வெறும் எலும்பு."

"கோல்கீப்பர் தன் எல்லைக்கு வெளியே கையால தொடலாமா?"

"கூடாதுதான். ஆனா அது பிரியாணி..."

"எல்லை எல்லைதான் தம்பி."

ஃபாஜிலுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஒழுக்கம் நிலைநாட்டப்பட்ட செய்தி வாட்ஸ்அப்பில் பரவ, ஊரே மெச்சியது.

மறுநாள், சரியான கோல்கீப்பர் இல்லாத பரிதியின் அணி நான்கு கோல் வாங்கியது. பரிதி ஒருவரே ஐந்து போட்டார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

தலைவர் கடமை தவறாதவர். நெரிசலை விலக்கிக்கொண்டு சென்று, பரிதியைச் சுமந்து நின்ற மனிதரின் முதுகைத் தட்டினார்.

"சிங்காரவேலு, உங்க புகாரை இப்போ எடுத்துக்கலாமா?"

சிங்காரவேலு திரும்பினார். பரிதியின் முழங்கால் அவருடைய வீங்கிய கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னைக்குப் போய் அதையெல்லாம் பேசுவாங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."