மச்சானின் மேப்பை நான் நடந்து தீர்த்த கதை

உபத்திரவம் செய்கிறவர்களிடமிருந்து எப்படியாவது தப்பிவிடலாம். உதவி செய்தே தீருவேன் என்று நிற்கிறவர்களிடமிருந்து தப்பவே முடியாது. நான் இரண்டாவது ரகம். இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறேன். (மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.)

சண்டைக் காலம். எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. கனடா விசாவுக்காகக் காத்திருக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மாமா மகன் குகன் எங்களோடு தங்கியிருந்தான். இருவருக்கும் ஒரே வயது. அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்; பிடித்துக்கொண்டு போக அது ஒன்றே போதும். சிங்களம் ஒரு சொல் தெரியாது. நானோ கொழும்பிலேயே பிறந்தவன். கடைக்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசிவிட்டு, அதை யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிற ஆள். ஆகவே குகன் வெளியே போவதற்கு ஒரு நடைமுறை இருந்தது. முதலில் நான் பிரதான வீதியான காலி வீதி வரை போய், செக்பொயின்ட் போட்டிருக்கிறார்களா, ஜீப் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். பிறகுதான் அவன் படியிறங்குவான். எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நான் மட்டும் அதை ஒரு பதவியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்ற நேரமெல்லாம் குகன் வீட்டுக்குள்தான். அவனுக்குப் பொழுதுபோகட்டும் என்று புறக்கோட்டை நடைபாதையில் ஒரு கேம் சீடி வாங்கிக் கொடுத்தேன். வாளோடு ஒரு வீரன், ஒரு பெரிய நாடு, கடத்தப்பட்ட ஒரு இளவரசி. அந்த நாட்டின் மேப் தொடக்கத்தில் முழுக்க இருட்டாக இருக்கும். நாம் நடந்த இடம் மட்டும் வெளிச்சமாகும்.

குகன் இளவரசியைக் கணக்கில் எடுக்கவேயில்லை. அரண்மனை வீதியை விட்டு இறங்கி, பற்றைக்குள் புகுந்து, ஆற்றோரமாக நடந்துகொண்டேயிருப்பான். ஒருநாள் அருவிக்குப் பின்னால் ஒரு குடிலைக் கண்டுபிடித்துவிட்டுக் கூப்பாடு போட்டான்.

“மச்சான், ஓடி வா! இதுக்குள்ள ஒரு வீடு!”

“பெட்டி கிட்டி இருக்கா? வாள், சல்லி?”

“ஒண்டுமில்லை. ஒரு பூனை படுத்திருக்கு.”

“பிறகென்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தனி?”

“இங்க ஒரு வீடு இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே. நானாத்தானே வந்தனான்!”

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு எரிச்சல். இந்த வேகத்தில் போனால் இளவரசி கிழவியாகிவிடுவாள் என்றேன். (ஒரு கேமில் எதற்காகச் சுற்றித் திரிகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை. அன்று அது என் மண்டையில் ஏறவில்லை.)

பிறகு ஒருநாள் விசாவுக்குப் புதுப் படம் எடுக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல நான் போய்ப் பார்த்தேன். வீதியில் ஆமிக்காரர் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து, “கிளியர், இறங்கு” என்றேன். அவன் தலை சீவி, பவுடர் போட்டு இறங்குவதற்குள் ஒழுங்கை வாசலில் ட்ரக் வந்து நின்றுவிட்டது. சுற்றிவளைப்பு.

என் சிங்களத்துக்கு அப்போதுதான் உண்மையான வேலை வந்தது. “சேர், மெயா அபே கெதர கெனெக்.” இவர் எங்கள் வீட்டு ஆள் என்று அழகாகவே சொன்னேன். அதிகாரி என் அட்டையைப் பார்த்தார். “ஹரி மல்லி, ஓயா யன்ன.” சரி தம்பி, நீ போ என்கிறார். என் சிங்களம் என்னை மட்டும் காப்பாற்றியது. குகன் பவுடர் முகத்தோடு ட்ரக்கில் ஏறினான்.

அப்பா தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து, அவன் எங்கள் வீட்டில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுத் துண்டோடு வீட்டுக்கும் நிலையத்துக்குமாகச் சில நாட்கள் அலைந்தார். நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. ‘கிளியர்’ என்று சொன்னவன் நான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவன் வருவதற்குள் கேமிலாவது ஒரு ஆபத்தும் இல்லாமல் செய்து வைத்தால் என்ன?

அவன் சேவ் செய்து வைத்த இடத்திலிருந்தே தொடங்கினேன். எல்லாக் காட்டையும் மிதித்தேன். எல்லாப் பூதத்தையும் வெட்டினேன். குகைகளிலிருந்த வௌவாலைக்கூட விடவில்லை.

“அங்க பிள்ளை உள்ளுக்க கிடக்குது, உனக்கு இங்க விளையாட்டுக் கேக்குதோ?” என்று அம்மா கத்தினார்.

“அவனுக்காகத்தான் அம்மா செய்யிறன்.”

அம்மா பார்த்த பார்வையில் ஒரு பானை சோறு வெந்திருக்கும்.

குகனை விட்டுவிட்டார்கள். தாடியோடும் அதே சேர்ட்டோடும் வந்தான். குளித்து, சாப்பிட்டு, கொம்பியூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். நான் பரிசு கொடுக்க வந்தவன் மாதிரிப் பின்னால் நின்றேன். மேப் திறந்தது. ஒரு மூலைகூட இருட்டில்லை.

“என்னடா இது?”

“எல்லா இடமும் நானே போய்ப் பாத்திட்டன். ஒருத்தனும் இல்லை. இனி நீ பயமில்லாம எங்கயும் போகலாம்.”

“என்ர பழைய சேவ்?”

“அதுக்கு மேலதான் சேவ் பண்ணினனான்.”

வீரனைக் கொஞ்சத் தூரம் நடத்திப் பார்த்தான். எதிரே யாருமில்லை. நிறுத்தினான்.

“அப்ப நான் எங்க போறது, மச்சான்?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் மெய்யாகவே கேட்டான். புதிதாகத் தொடங்கலாமே என்றேன். சொன்ன கையோடு, வடக்குக் குகையில் என்ன இருக்கும், கிழக்குக் கோட்டையில் யார் நிற்பான் என்று வரிசையாகச் சொல்லவும் தொடங்கிவிட்டேன். (ஆமாம், அப்போதும்.) அவன் திரையை அணைத்துவிட்டு யன்னலருகே போய் நின்றான். விசா வரும்வரை அந்தக் கேமைத் தொடவில்லை. யாரும் அட்டை கேட்காமல் அவன் நடக்கக் கிடைத்த ஒரே நாடு அது. அதையும் நானே நடந்து தீர்த்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

குகன் டொரொண்டோவில் குடியேறிப் பல காலமாகிறது. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. யாருக்காவது பார்சல் வந்தால், “அவனிட்டக் குடுக்காதேங்கோ, தானே பிரிச்சு முடிச்சுத்தான் தருவான்” என்பார்கள். போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு பின்னேரம் அவனைக் காணவில்லை. அவன் மனைவியிடம் கேட்டேன்.

“எங்க போனவன்?”

“அவருக்கே தெரியாது அண்ணை. வேலை முடிஞ்சா தெரியாத தெருவாப் பாத்து நடக்கிறதுதான் அவற்ற வேலை.”

“சொல்லியிருந்தா நானும் போயிருப்பனே.”

“அதாலதான் சொல்லாமப் போனவர்.”

வீடு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் திரும்பி வரும்வரை வாசல் பக்கம்கூட நான் போகவில்லை.