போட்டோவுக்கு எதற்குச் சீப்பு?

சொந்தக் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு, சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதிய மாப்பிள்ளை உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர். வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் வைத்த பெயர் எதுவோ, ஊருக்கு அவர் டபுள் விசில்.

ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. மற்ற கண்டக்டர்களுக்கு இது பஸ்ஸோடு முடிந்துவிடும். இவருக்கு வாழ்க்கையே அதுதான். பந்தியில் சாம்பார் போதும் என்றால் ஒன்று, இன்னும் ஊற்று என்றால் இரண்டு. ஒருமுறை கோயிலில் தீபாராதனை நீண்டுகொண்டே போகிறதென்று ஒன்று ஊதிவிட்டார். குருக்கள் பயந்துபோய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டதாகக் கேள்வி.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு போட்டோ ஃப்ரேம் கடை வைத்திருக்கிறேன். எழுத்தாளன் என்று சொன்னால் நம்பாதவர்கள்கூட ஃப்ரேம் கடைக்காரன் என்றால் உடனே நம்பிவிடுவார்கள், முகவெட்டு அப்படி. அந்தக் கடைக்கு ஒருநாள் மத்தியானம் டபுள் விசில் வந்தார், கக்கத்தில் ஒரு நீளமான சுருளோடு.

"தம்பி, இதுக்கு ஒரு ஃப்ரேம் போடணும்" என்று மேஜையில் விரித்தார். இரண்டடி அகலம், மூன்றடி உயரம். பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, கண் இடுங்கச் சிரிக்கிற ஒரு பெண்மணி. பின்னால் கல்வராயன் மலை.

எனக்குத் திக்கென்றது. அது அவர் மனைவி பச்சையம்மா அண்ணி. கொஞ்ச நாள் முன்னால்தான் வயிற்றில் ஆபரேஷன் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இவ்வளவு பெரிய போட்டோ, அதுவும் தனியாளாக, ஃப்ரேம் போட வருகிறது என்றால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். நான் எழுந்து நின்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"எப்பண்ணே?" என்றேன்.

"இன்னா எப்ப?"

"அண்ணி..."

"வூட்ல கருவாட்டுக் கொழம்பு வெச்சிக்கினு இருக்கா. ஏன், உனக்கும் வோணுமா?"

பிறகுதான் உட்கார்ந்து கதையைச் சொன்னார். அண்ணி ஆஸ்பத்திரியில் உள்ளே கிடக்க, இவர் வெளியே பெஞ்சில் கிடந்திருக்கிறார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போல் இருந்ததாம். பையைத் துழாவினால் கிடைத்தது ஆதார் அட்டை மட்டும்தான். அதில் அண்ணி, ஆடு திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார்.

"அப்பதான் தம்பி யோசன பண்ணேன். எங்கப்பன் ஆத்தா போட்டா வூட்ல எம்மாம் பெருசா மாட்டி வெச்சிருக்கேன்! அவங்க ரெண்டு பேரும் அத ஒரு நாளாச்சும் பாத்தாங்களா? செத்தாத்தான் செவுத்துல எடமா? இவ பொழச்சி வந்தான்னா, இவள இவளே பாக்குற மாதிரி பெருசா மாட்டிப்புடணும்னு வேண்டிக்கினேன்."

பெரிய டாக்டர் வெளியே வந்து "இனிமேல் பயமில்லை" என்று சொன்னதும் அந்த வராந்தாவிலேயே இரண்டு விசில் ஊதியிருக்கிறார். வாட்ச்மேன் ஓடி வந்து வெளியே தள்ளிவிட்டானாம். அண்ணி தேறியதும் தன்னுடைய பஸ்ஸிலேயே டிக்கெட் போட்டு வெள்ளிமலைக்குக் கூட்டிப் போய், பஸ்ஸில் வந்த ஒரு காலேஜ் பெண்ணிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்ன படம்தான் இது.

"அதனால தம்பி, பாத்தா உசுரோட இருக்குறவ மாதிரி ஒரு ஃப்ரேம் போட்டுக் குடு."

சொல்வது சுலபம். தேக்குக் கலரை எடுத்துக் காட்டினேன். ஒரு விசில். "எங்கப்பன் போட்டா மாதிரியே இருக்குது." தங்கக் கலரில் பூ வேலை செய்ததைக் காட்டினேன். ஒரு விசில். "இவ இன்னா மகாலட்சுமியா? அப்பால தெனம் சூடம் காட்டச் சொல்லுவா." கறுப்பை நான் எடுக்கும்போதே விசில் வந்துவிட்டது. வெள்ளை, ஜவுளிக்கடை விளம்பரமாம். நீலத்தைப் பார்த்துவிட்டு, அண்ணி தேர்தலில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். கடை வாசலில் போகிற வண்டிகளெல்லாம் விசில் கேட்டு பிரேக் போட ஆரம்பித்துவிட்டன.

கடைசியில், சாம்பிளுக்குச் சுவரில் மாட்டி வைத்திருந்த ஃப்ரேம் மூலைத் துண்டுகளை ஒரு கோணியில் அள்ளிக்கொண்டு, படச் சுருளோடு போய்விட்டார். போனவர் அடுத்த நாள் செய்த வேலையை டிரைவர்தான் வந்து என்னிடம் புலம்பினார். கச்சிராயபாளையம் தாண்டியதும், போட்டோவை ஒருத்தர் பிடித்துக்கொள்ள, துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் வைத்துக் காட்டி பஸ்ஸிலேயே ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார்.

"இதப் பாத்தா உசுரோட இருக்குற மாதிரி தெரியுதா? தெரியுதுன்றவங்க கைய தூக்குங்க!"

மரவள்ளி மூட்டையோடு வந்தவர் தேக்கு என்றார். மடியில் ஆட்டுக்குட்டி வைத்திருந்த அம்மா தங்கம் என்றார். வாக்குவாதம் முற்றி, இறங்க வேண்டிய ஊரை நாலைந்து பேர் கோட்டைவிட்டார்கள். ஜெயித்தது, இளம் பழுப்பில் மெல்லிய தங்கக் கோடு போட்ட ஃப்ரேம். மலையே சேர்ந்து தேர்ந்தெடுத்த ஃப்ரேம் என்று டபுள் விசில் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார். ஆனால் விசில் ஊதவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

நானே போய் மாட்டிவிட்டு வந்தேன். நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவர். அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். "நான் இம்மாம் பெருசாவா சிரிக்கிறேன்?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதற்கப்புறம்தான் வந்தது வினை. சின்னசேலத்திலிருந்து டபுள் விசிலின் சித்தி வந்தார். ஆஸ்பத்திரிச் சேதி மட்டும் காதில் விழுந்து, தேறி வந்த சேதி எட்டாத சித்தி. வாசற்படியில் கால் வைத்தவர் போட்டோவைப் பார்த்தார். அவ்வளவுதான். பையை எறிந்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடி பச்சையம்மா! என் கண்ணே! எனக்கு ஒரு வார்த்த சொல்லாம பூட்டியேடி!"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி முறத்தோடு வெளியே ஓடி வந்தார். "யாரு சித்தி பூட்டாங்க? யாரு?" என்று கேட்டபடி அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். தனக்காகத்தான் அழுகிறோம் என்று தெரியாமலே கொஞ்ச நேரம் நன்றாக அழுதிருக்கிறார். சித்தி நிமிர்ந்து பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடி அண்ணியைப் பார்த்தார். மயக்கம் போட்டு விழுந்தார்.

சித்தியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பூக்காரம்மா ஒரு முழம் பூவைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். கேபிள்காரர் குரலைத் தாழ்த்தி, "காரியம் எப்பங்க?" என்று கேட்டார், அதுவும் அண்ணியிடமே. அன்றைக்கு அண்ணி போட்டோவைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டார்.

"ஒரு தபா பொழச்சி வந்ததே பெரும்பாடு. தெனம் தெனம் என்னால சாவ முடியாது" என்று சொல்லிவிட்டாராம்.

டபுள் விசில் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். எதற்கும் விசில் ஊதவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த மனிதர் அப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"டூட்டி முடிச்சி வரப்ப அந்தச் சிரிப்ப பாத்துக்கினே உள்ள நொழையணும்னு ஆச தம்பி. வேற ஒண்ணுமில்ல. இனிமே அவ செத்தாத்தான் மாட்டணுமா? அப்ப நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு அதப் பாப்பேன்?"

படத்தை வாங்கி மேஜையில் வைத்தேன். டீ சொன்னேன். டீ வரும்வரை அவர் கண் கடையைச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஃப்ரேம் போட்டுத் தருவது உண்டு. ஒரு சலூனுக்குச் செய்த ஃப்ரேம் மூலையில் சாய்ந்து நின்றது, கண்ணாடி மட்டும் உடைந்து விழுந்திருந்தது. கிளிப்பச்சைப் பெயிண்ட். கீழே சீப்பும் பவுடர் டப்பாவும் வைக்க ஒரு சின்னப் பலகை. பார்க்கவே சகிக்காது.

எழுந்து போய் அதைத் தூக்கினார். படத்தின் மேல் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு ஊதினாரே இரண்டு விசில், டீ கொண்டுவந்த பையன் கிளாஸைத் தவறவிட்டான்.

"அண்ணே, அது மூஞ்சி பாக்குற கண்ணாடிக்குப் போடுறது. போட்டோவுக்கு எதுக்குண்ணே சீப்புப் பலகை?"

"அதான் தம்பி வோணும். செத்தவங்களுக்குச் சீப்பு இன்னாத்துக்கு?"

அந்த ஃப்ரேம் படத்தைவிடச் சிறியது. படத்தை வெட்டாமல் பலகையோடு அதே மாதிரி புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். அண்ணி பலகையில் சீப்பு வைத்தார், பவுடர் வைத்தார், ரப்பர் பேண்டு வைத்தார். குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைக்கிற பழக்கம் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் இருக்கிறதல்லவா? அண்ணி அதைப் பச்சை ஃப்ரேமில் ஒட்ட ஆரம்பித்தார். சிவப்பும் மெரூனுமாகப் பொட்டுகள் ஓரமெல்லாம் ஏறின. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் நுழைந்த ஒருத்தரும் அழவில்லை. "அண்ணி எங்க?" என்றுதான் கேட்டார்கள். அடுத்த முறை வந்த சின்னசேலத்துச் சித்தி அந்தச் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாராம்.

டபுள் விசில் இரண்டு மாதத்துக்கு முன்னால் போய்விட்டார். நெஞ்சுவலி. காலை டூட்டிக்குச் சட்டை மாட்டும்போது உட்கார்ந்தவர்தான்.

ஒரு மாதம் கழித்து அண்ணி கடைக்கு வந்தார். கையில் ஒரு சுருள். நெற்றியில் பொட்டு இருந்தது. அதற்கு ஊர் என்ன பேசியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. விரித்தேன். காக்கிச் சட்டை, வழுக்கைத் தலை, வாயில் விசில், கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை பழக்கத்தில் தேக்குக் கலரை நோக்கிப் போனது.

"அது வாணாம் தம்பி" என்றார். "என்துக்குப் போட்டியே, அதே பச்சை. பலகையோட."

அண்ணனுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது, சீப்புப் பலகை எதற்கு என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

"விசிலு வெக்க எடம் வோணுமில்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பாக்குறவங்க உசுரோட இருக்காருன்னு நெனச்சிக்கட்டுமே தம்பி. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

போன வாரம்தான் மாட்டப் போனேன். இரண்டு பச்சை ஃப்ரேம்களும் பக்கத்தில் பக்கத்தில். அண்ணி பலகையில் விசிலை வைத்தார். பிறகு தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அவருடைய ஃப்ரேம் ஓரத்தில் ஒட்டிவிட்டு, வேறு ஒன்றை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். ஏரியாவுக்குப் புதுசு. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர், சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கண்டக்டருங்களா? டூட்டிக்குப் போய்ட்டாருங்களாம்மா?"

நான் சுத்தியலைப் பையில் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஆமாப்பா" என்றார் அண்ணி. "வெள்ளிமலை வண்டி."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கிளம்புவதற்கு முன்னால், யாருக்கும் கேட்காமல் வாய்க்குள்ளேயே இரண்டு விசில் ஊதிக்கொண்டேன்.