எலி தின்ற ஏரோபிளேன்

ரப்பரைக் கடித்துப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் ஏரோபிளேன் அண்ணன்தான். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு வேறு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் நிஜமான அலுமினிய விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டுகிறவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்?

நான் அவருக்குப் பக்கத்து வீடு. அந்த விமானம் பறக்காது என்பதில் தெருவே ஒற்றுமையாக இருந்தது. அந்தக் கட்சிக்கு நான்தான் தலைவர். "ஏன்ணே, விக்கிரவாண்டி டோல்கேட்ல இத லாரின்னு சொல்வீங்களா, பஸ்ஸுன்னு சொல்வீங்களா?" என்று சீண்டுவேன். "மேலால போறவனுக்கு இன்னாத்துக்குப்பா டோல்கேட்டு?" என்று கேட்டுவிட்டு ஸ்குரூவை முடுக்கப் போய்விடுவார்.

இறக்கை, இன்ஜின் எல்லாம் எப்படியோ முடிந்துவிட்டன. அண்ணனை ஆட்டிவைத்தது கிராமெட். தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை நுழைக்கிற இடத்தில் மாட்டும் சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் இன்ஜின் அதிர அதிர, தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்துவிடும். ஒரு கல்யாணத்தில் இப்படித்தான் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் ஒயர் தேய்ந்து, சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் நின்றுபோனதாம்.

"கல்யாணத்துல நின்னா பொண்ணு வூட்டுக்காரன் திட்டுவான். மேல போய்க்கினு இருக்கசொல்ல நின்னா, திட்டறதுக்குக்கூட ஆளு இருக்காது தம்பி" என்றார்.

ரப்பர் வாங்க என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனார். கடைக்காரர் ஒரு டப்பா நிறைய எடுத்துக் கொட்டினார். அண்ணன் ஒவ்வொன்றாக முகர்ந்தார், இழுத்தார், பிறகு கடைவாயில் வைத்துக் கடித்தார்.

"இன்னாங்க இது, கொய்யாப்பழமா கடிச்சுப் பாக்கறதுக்கு?" என்று கடைக்காரர் பதறினார்.

"ஓட்டைக்கு ஒரு சுத்து பெருசா இருந்தா கழண்டுக்கும். சின்னதா இருந்தா கிழிஞ்சுக்கும். தகடு இன்னா கனமோ, ரப்பர்ல இருக்கற பள்ளமும் அதே கனம் இருக்கணும். உங்க கிட்ட இருக்கா, இல்லியா?"

"ஐயா, டிராக்டருக்கா?"

"பிளேனுக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தெருவில் போன பஸ்ஸைப் பார்த்தேன்.

வாங்கி வந்ததும் பரீட்சை ஆரம்பமானது. சிலதை எவர்சில்வர் டம்ளரில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தார். காப்பி என்று நினைத்து நான் எடுத்துவிட்டேன், நல்லவேளை மூக்கு காப்பாற்றியது. மறுநாள் பாதி ரப்பர் உளுந்து மாதிரி ஊதியிருந்தது. இன்ஜின் பக்கத்துச் சூட்டைத் தாங்குமா என்று பார்க்க, மிச்சத்தை இட்லிப் பானைக்குள் போட்டார். "நாளைக்கு இட்லியில ரப்பர் வாசனை வந்துது, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்" என்று அண்ணி அறிவித்தார். எல்லாவற்றிலும் தேறிய ரப்பர் மட்டும் விமானத்துக்குள் போனது.

போனது என்றால் லேசில் போகவில்லை. ஓட்டைக்குள் நுழைய மறுத்தது. நான், "சோப்புத் தண்ணி தடவுங்கண்ணே" என்றேன். "சோப்பு காஞ்சா வெள்ளையா பூத்துக்கும். மல்லாட்டை எண்ணெய் தடவினா வழுக்கினு போவும் பாரு" என்றார். எங்கள் ஊரில் கீல் கிறீச்சிட்டாலும் சைக்கிள் செயின் முரண்டு பிடித்தாலும் அந்தக் கடலை எண்ணெய்தான். வளையங்கள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. அண்ணன் அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்.

பெங்களூரில் இருந்து ஒருவர் வருவதாக இருந்தது. விமானங்களைப் பரிசோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சரி என்றால்தான் இதை ஓடுதளத்துக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் கொட்டகையில் கோழி அடைக்க வேண்டியதுதான். அவர் வருகிற அன்று காலையில், துடைக்கலாம் என்று மூடியைக் கழற்றிய அண்ணன், "ஐயோ!" என்று அலறினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒயர்கள் அப்படியே இருந்தன. ரப்பர் இருந்த இடங்களில் துணுக்குகளும் எலிப் புழுக்கையும் கிடந்தன. பெட்ரோலையும் இட்லிப் பானையையும் தாங்கிய ரப்பர், மல்லாட்டை வாசனைக்கு வந்த எலியிடம் தோற்றுப்போயிருந்தது.

"மூடிடுங்கண்ணே. அவரு இன்னா உள்ள கையா வுடப் போறாரு?" என்றேன்.

"அவரு பாக்காட்டி போவுது, நான் பாத்துட்டனே! மேல போனா எனக்கு இந்த ஓட்டைங்கதானே ஞாபகம் வரும்?"

வந்தவர் காரை விட்டு இறங்கியதுமே, "சார், எலி தின்னுட்டுது சார்" என்றார் அண்ணன்.

"எல்லாத்தையுமா?"

"சீட்டு பெல்ட்டு மட்டும் அதுக்குப் பிடிக்கல சார்."

சிரித்துக்கொண்டே உள்ளே குனிந்தவர், வெறும் ஓட்டைகளின் விளிம்பில் விரலைச் சுற்றி ஓட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. "ரப்பர் மூடற இடம்தானே, இதைப் போய் ஏன் இவ்வளவு வழவழன்னு அரம் போட்டு வச்சிருக்கீங்க?"

"ரப்பரு போனாலும் ஒயரு பொழைச்சுக்கணுமில்ல சார்."

அவர் ஒரு ஓட்டை விடாமல் தடவிப் பார்த்தார். மற்றதையெல்லாம் மத்தியானம் வரை தட்டியும் முறுக்கியும் பார்த்தார். கடைசியில், "வேற ரப்பர் போடுங்க. சோப்புத் தண்ணி தொட்டுப் போடுங்க. அப்புறம் ஓடுதளத்துக்குக் கொண்டு வாங்க" என்றார்.

அண்ணன் நேராக மைக்கைப் போட்டார். "நம்ம பிளேனு பாஸ் ஆயிடுச்சு!" என்று குழாய் ஸ்பீக்கர் தெரு முழுக்க அலறியது. ஜனம் கூடிக் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால், இத்தனை காலமும் பறக்காது என்று சிரித்துக்கொண்டிருந்தவன், அப்போதுதான் முதல் தடவையாக, இது பறந்துவிடுமே, இந்த மனுஷன் நிஜமாகவே மேலே போய்விடுவாரே என்று பயந்தேன்.

புது ரப்பரெல்லாம் மாட்டி முடித்த அன்று, அண்ணன் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தேன். கொட்டகைக்குள் போய், விமானத்துக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு வளையமாக விரலால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.