நிர்வாகத்துக்குத் துண்டறிக்கை

ஒற்றை விசிலுக்கு மூவாயிரம் பேரை எழுந்து நிற்க வைத்தவரின் செருப்பில், ஒரு நாள் காலையில், முழங்கால் உயரம்கூட இல்லாத நாய்க்குட்டி ஒன்று மூத்திரம் பெய்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து போனது. வரலாறு யாரையும் விட்டுவைப்பதில்லை. சிலரிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே உரிமை எடுத்துக்கொள்ளும்.

அவருக்குத் தெருவில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே 'தலைவர்', முதுகுக்குப் பின்னால் 'கோஷம்'. தெருக்கோடியில் இருக்கும் நூற்பாலையின் தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். இப்போது சங்கம் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது? தண்ணீர் கேட்டால்கூட ஊர்வலம் புறப்பட்டதுபோல் இருக்கும்.

குட்டியைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி. வீட்டிலேயே துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள். அவளிடம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டார் ஊர்மாறிப் போகும்போது, தைத்த துணியை வாங்கிக்கொண்டு நாயைக் கொடுத்துவிட்டார்கள். பொமரேனியன். வெள்ளை வெளேரென்று, ஆலைக் கூரையிலிருந்து காற்றில் பறந்து வந்த பஞ்சுருண்டைபோல இருந்தது. அவள் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள்.

"என் செருப்பைப் பாத்தியா?"

"பாத்தேன். குழந்தைதானே, விடுங்க."

"குழந்தையா? நல்லாப் பாரு. உழைக்காது. உட்கார்ந்து தின்னும். மெத்தையில படுக்கும். எழுந்து வந்து உழைக்கிறவன் செருப்புல அசிங்கம் பண்ணும். இது குழந்தை இல்ல, நிர்வாகம்!"

அன்று முதல் குட்டிக்கும் இரண்டு பெயர் ஆயிற்று.

"பழக்கினா எல்லாம் சரியாப் போயிடும். உங்களுக்குப் பழக்கத் தெரியலைன்னா சொல்லுங்க, எதிர்வீட்டுக் கம்பவுண்டரைக் கேக்கறேன்."

"எனக்குத் தெரியாதா? மூவாயிரம் பேரைக் கட்டுக்கோப்பா வச்சிருந்தவன்டி நான்!"

"அந்த மூவாயிரம் பேரும் கடைசியில எங்க போனாங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஈரச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளறையின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அறையில்தான் கட்டுகள் இருந்தன.

கடைசி வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போன காலத்தில் அவர் ஒரு துண்டறிக்கை எழுதினார். அதுவரை எழுதியதிலெல்லாம் சிறந்தது என்று அவருக்கே தோன்றியது. ஆளுக்கு ஒன்று என்று அச்சுக்குக் கொடுத்தார். அச்சடித்த கட்டுகள் தள்ளுவண்டியில் ஆலை வாசலுக்கு வந்த காலையில், கதவு திறந்திருந்தது. ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் ஆள், அவருக்கு வலக்கையாக இருந்த ஃபிட்டர். வாங்கிக்கொள்ள வெளியே ஒருவரும் மிச்சமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் தனியாக வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு தெருவின் அந்தக் கோடிக்கு அவர் போனதே இல்லை. நாளடைவில் எந்தக் கோடிக்கும் போகவில்லை.

கட்டுகள் உள்ளறையில் கயிறு அவிழ்க்கப்படாமல் உட்கார்ந்துகொண்டன. தையல் இயந்திரம் அடுப்பங்கரைக்குப் போயிற்று. சாப்பாட்டில் நூல் கிடந்தது, துணியில் எண்ணெய் பட்டது. அந்த அறையைக் கொடுங்கள் என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

"அது சங்கத்துச் சொத்து."

"சங்கம் எங்கங்க இருக்கு?"

இந்தக் கேள்வி வந்தால் அவர் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். பட்டினிப் போராட்டத்தில் அவரை வென்றவர் இல்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்பதை நிறுத்திய பெண்பிள்ளை யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். இது எந்தத் துண்டறிக்கையிலும் இல்லாத பாடம்.

"சரி, ஒரு பந்தயம்," என்றாள். "இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள இது வீட்டுக்குள்ள ஈரம் பண்ணாமப் பழக்கிடுங்க. அந்தக் கட்டுகளைப் பத்தி இந்த ஜென்மத்துல நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"பழக்கலைன்னா?"

"கட்டு பழைய பேப்பர்க்காரனுக்கு. அறை என் மெஷினுக்கு."

அவருக்கு ரத்தம் சூடேறியது. நெடுநாளைக்குப் பிறகு யாரோ அவரை ஒரு போராட்டத்துக்கு அழைக்கிறார்கள்.

"எழுதி வச்சுக்கோ. நிர்வாகத்தைப் பணிய வைக்காம நான் ஓய மாட்டேன்!"

குட்டி அந்த முழக்கத்தைக் கேட்டுப் பயந்து அங்கேயே இன்னொரு முறை போயிற்று.

நாயைப் பழக்க முதலில் தாள் வேண்டும். தாளை விரித்து அதன்மேல் போகப் பழக்கி, பிறகு தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கு நகர்த்த வேண்டும். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் சொன்ன வழி இது. ஆனால் அந்த வீட்டில் தாள் ஏது? வேலைநிறுத்தம் 'சுமுகமாக முடிந்தது' என்று எழுதிய அன்றே பத்திரிகையை நிறுத்தியவர் அவர். பழைய துணி கேட்டார்.

"துணியா? வெட்டு மிச்சத்தைக்கூட நான் ஒட்டுப் போட வச்சிருக்கேன்."

"சாக்கு?"

"நேத்துதான் கொடுத்துட்டேன்."

"அட்டைப்பெட்டி?"

"அதுவும் நேத்துதாங்க."

நேற்று அவள் வீட்டைச் சுத்தம் செய்திருந்தாள். அதை அவர் கவனித்திருக்க வேண்டும். நிர்வாகத்தின் ஒவ்வொரு அசைவையும் கவனித்தவர், வீட்டில் நடந்ததைக் கோட்டைவிட்டார். தலைவர்கள் பலருக்கு இதுதான் வியாதி.

அவள் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். குட்டி கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தது. வேறு வழியில்லை. உள்ளறைக்கு ஓடினார். மேல்கட்டில் ஈரம் பட்டுக் கறுத்த தாள் ஒன்று இருந்தது. கெட்டுப்போன தாள்தானே. உருவி எடுத்தார். எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துத் தரையில் வைத்தார். குட்டி அதன் நடுவில் போய் நின்றது. போயிற்று.

"சபாஷ்!" என்று கத்திவிட்டார். பிறகு, கவிழ்ந்து கிடந்த தாளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் கம்பவுண்டர் தன் வீட்டுப் பழைய பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டி அவற்றை முகர்ந்தது. தும்மியது. தாண்டிப் போய் நாற்காலிக் காலில் போயிற்று.

"பாத்தியா? அந்தப் பத்திரிகையோட யோக்கியதை நாய்க்குத் தெரிஞ்சிருக்கு!"

"எந்தத் தாள்ல முதல்ல போச்சோ அதோட வாசனைதான் அதுக்குப் பிடிபடும்," என்றாள் மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "அது நம்ம ஆளுங்க மாதிரி இல்லீங்க. பிடிச்சதை விடாது."

அப்புறம் என்ன? கட்டுக்குக் கயிறு அவிழ்ந்தது. அவிழ்த்த சணல்கயிறு குட்டியின் கழுத்துக்கு ஆயிற்று. ஒரு தாள் போதவில்லை. நனைந்து தரைக்கு இறங்கியது. நாலைந்தாக அடுக்க வேண்டியிருந்தது. தின்றால் ஒரு முறை, தூங்கி எழுந்தால் ஒரு முறை, யாராவது வந்தால் சந்தோஷத்தில் ஒரு முறை. மூவாயிரம் பேருக்கு எழுதியதை ஒரே ஆளாக நிர்வாகம் வாங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு முறையும் குனிந்து, எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்தார். அது ஒரு மரியாதை. தீப்பெட்டி அளவு மரியாதைதான், ஆனாலும் மரியாதை.

கட்டுகள் இறங்குவது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒன்று தீர்ந்தபோது மிச்சத்தை எண்ணிப் பார்த்தார். ஆனால் பாதியில் நிறுத்தினால் தோல்வி. தோற்றால் மிச்சக் கட்டும் பழைய பேப்பர்க்காரனுக்கு. ஆகவே கட்டுகளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டுகளைச் செலவழித்துக்கொண்டிருந்தார். அந்த வேலைநிறுத்தத்தையும் இப்படித்தான் நடத்தினார். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று. காப்பாற்ற வேண்டியவர்களின் வீட்டில் அடுப்பு அணைந்தபோதும்.

தாள் கூடத்திலிருந்து நடைக்கு நகர்ந்தது. நடையிலிருந்து வாசற்படிக்கு வந்தது. வாசற்படியில் வந்து நின்றுகொண்டது.

"இதுக்கு மேல மண்ணு வேணும்," என்றாள் மனைவி. "சிமெண்டுல போனா பழகின மாதிரி கணக்கில்ல."

"இந்தத் தெருவுல மண்ணுக்கு எங்க போறது?"

"ஆலை வாசல்ல மரத்தடியில இருக்கே."

துணியிலிருந்து அவள் தலையை நிமிர்த்தவில்லை. குட்டி கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியது. அதற்கு ஆலை தெரியாது, கதவு தெரியாது, யார் முதலில் உள்ளே போனார்கள் என்று தெரியாது.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

தெருவில் அவரைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கையில் சணல்கயிறு, மறு கையில் துண்டறிக்கைக் கத்தை. முன்னால் வெள்ளை நாய்.

"என்ன தலைவரே," என்று கம்பவுண்டர் வாசலிலிருந்தே கேட்டார், "நாய்ங்களுக்குச் சங்கம் ஆரம்பிக்கறீங்களா?"

"ஆமாம். அதுங்களாவது கடைசி வரைக்கும் நிக்கும்."

கம்பவுண்டர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

தினமும் போனார். மரத்தடியில் தாளைக் கவிழ்த்து வைப்பார். ஆலைக் கதவைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலை முடிந்து வரும் ஆட்கள் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க, நடுவில் வெட்கமே இல்லாமல் நிர்வாகம் காலைத் தூக்கப் பழகியது.

மழைக்காலம் முடியும் தறுவாயில், வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், உள்ளறையின் கடைசிக் கட்டும் தீர்ந்தது. கடைசித் தாள் ஒன்று. அதை மட்டும் வைத்துக்கொள்வதென்று, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். குட்டி மரத்தடியைச் சுற்றியது. தாளைத் தேடியது. அவர் முகத்தைப் பார்த்தது. மண்ணில் போகவில்லை. கை பைக்குள் போயிற்று. தாள் வெளியே வந்தது.

"தலைவரே."

ஃபிட்டர். தலை பாதி நரைத்திருந்தது. தலைமயிரிலும் புருவத்திலும் ஆலைப் பஞ்சு ஒட்டியிருந்ததால் முழுக்க நரைத்தாற்போல் இருந்தது.

"அன்னைக்கு வண்டியில வந்தது இதுதானே?"

அவர் மரத்தைப் பார்த்தார்.

"நீங்க வண்டியைத் தள்ளிட்டுப் போனதை உள்ளேயிருந்து ஜன்னல்ல பாத்தேன். ஏத்தத்துல சக்கரம் ஏறாம நின்னுது. ஓடி வந்து ஒரு கை கொடுக்கலாம்னு இருந்துச்சு." புருவத்துப் பஞ்சைத் துடைத்தான். "வரலை. மன்னிப்பு கேக்க இப்போ நான் வரலை தலைவரே. அப்போ வீட்டுல பெரியவனுக்குக் காய்ச்சல், உலை வைக்கலை. உங்களுக்கும் தெரியும். ஆனா என்ன எழுதியிருந்தீங்கன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒண்ணு கொடுங்க."

"ஒண்ணுதான் இருக்கு."

"படிச்சுட்டுத் தர்றேன்."

குட்டி அவர் காலைப் பிறாண்டியது. அவர் குட்டியைப் பார்த்தார். ஃபிட்டரின் நீட்டிய கையைப் பார்த்தார். கொடுத்தார்.

ஃபிட்டர் உதட்டை அசைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தான். கடைசி வரியில் உதடு நின்றது. அந்த வரி அவருக்கு மனப்பாடம்: 'நம்மில் ஒருவர்கூட உள்ளே போகமாட்டார் என்பதை நான் அறிவேன்.'

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றான் ஃபிட்டர். அப்புறம் தாளை மடித்து, திருப்பித் தருவதை மறந்தவன்போல் தன் பையில் வைத்துக்கொண்டான். "அப்பவும் நல்லாத்தான் எழுதுவீங்க."

போய்விட்டான். போகும்போது குனிந்து, குட்டியின் தலையை ஒரு தடவை தடவினான். மூவாயிரம் தாளில் ஒரே ஒரு தாள் உரிய கைக்குப் போய்ச் சேர்ந்தது. அச்சான எழுத்துக்கு அதுகூட அதிகம்தான்.

அவருக்குக் கண்ணை நீர் மறைத்தது. அப்போதுதான் குட்டி, தாளுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய், வெறும் மண்ணில் போயிற்று.

"பஞ்சு," என்றார். அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் முறை. "சபாஷ்டா பஞ்சு."

வீட்டுக்கு வரும்போது நடையில் பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. எவ்வளவு இழந்தாலும் வெற்றி வெற்றிதான். வாசலிலேயே குரல் கொடுத்தார்.

"ஜெயிச்சாச்சு! வெறும் மண்ணு! தாளே இல்லாம!"

அடுப்பங்கரையில் அவள் இல்லை. தையல் இயந்திரமும் இல்லை. ஆனால் அதன் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. சத்தத்தின் பின்னால் போனார். உள்ளறையின் ஜன்னல் திறந்திருந்தது. வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கட்டுகள் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. குட்டி உள்ளே போய் அந்தச் சதுரத்தின் நடுவில் சுருண்டு படுத்தது.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் தலைவர் அல்லவா? விரலை உயர்த்தினார்.

"பந்தயம் பந்தயம்தான். இனிமே அந்தக் கட்டுகளைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவள் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நிமிர்ந்து, அவருடைய ஈரக் கண்ணைப் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"எந்தக் கட்டுங்க?"