குர்திஷ் பேசிய கழுதை

பிள்ளைகளே, உலகத்திலேயே ஒரு கழுதைக்குக் குர்திஷ் மொழியில் குரல் கொடுத்த ஒரே மட்டக்களப்பு மனிதர் எங்கள் குர்திக் காக்காதான். இன்னொருவர் உண்டென்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; இவர் காத்தான்குடிக்காரர். ஈராக்கின் வடக்கே, குர்திஷ் பேசும் ஊரொன்றில், வெளிநாட்டுப் படங்களுக்கு அந்த மொழியில் குரல் சேர்க்கும் இடத்தில் தேத்தண்ணி போட்டவர். ஆள் குறைந்த நாட்களில் இவரையும் மைக்குக்கு முன்னால் நிறுத்திவிடுவார்களாம். கூட்டத்தின் கூச்சல், கிழவனின் இருமல், கழுதை எல்லாம் இவர்தான். அந்த நாட்டுக் கழுதை வேறு மாதிரிக் கத்தும் என்று விளக்கம் வேறு.

அந்த வேலை அவரைக் கெடுத்துவிட்டது. திரையில் வாய் மூடும்போது பேச்சும் முடியவேண்டும் அல்லவா? அதனால் எதிரே நிற்பவரின் வாயையே உற்றுப் பார்ப்பார். அது முழுதாக மூடினால்தான் பதில் வரும்.

யுத்தம் முடிகிற காலம். பாலர் வகுப்புப் போய்க்கொண்டிருந்த என் மூத்த மகளுக்குக் கடும் காய்ச்சல். பட்டணத்தில் மருந்து வாங்கிக்கொண்டு காக்காவின் மோட்டார் சைக்கிளில் திரும்பினேன். வழியில் இராணுவச் சோதனைச் சாவடி, சென்றியில் மறித்தார்கள். காக்காவின் பையில் அவர் குரல் கொடுத்த படமொன்றின் சீடி. கல்யாணமாகிப் போகும் தன் மகளுக்குப் பிரதி எடுக்கக் கொண்டுபோனது. உள்ளே இருந்த சின்ன டீவியில் போட்டுப் பார்த்தார்கள். மலை, குதிரை, துவக்கால் சுடும் ஆட்கள். கீழே அரபு போல எழுத்து.

இது யாருடைய பாஷை என்று அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டுவிட்டு, வாயைத் திறந்தபடியே நின்றார். காக்கா அந்த வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரணைக்கென்று உள்ளே போனவர் எப்போது வருவாரென்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது.

காக்காவைக் கிள்ளினேன். “பதிலச் சொல்லுங்க காக்கா.”

“அவர் இன்னும் வாய மூடல்ல தம்பி.”

நல்ல காலம், திரையில் கழுதை வந்தது. காக்காவும் கூடவே கத்தினார். பெட்டிக்குள் ஒன்று, பக்கத்தில் ஒன்று. இரண்டும் ஒரே தொண்டை. சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்து, போகச் சொல்லிக் கைகாட்டினார்.

காக்கா அசையவில்லை. தன்னுடைய வசனம் இனித்தான் வருகிறது, கேட்டுவிட்டுப் போவோம் என்றார். பொழுது சாய்கிறது, ஊரடங்கு வரப்போகிறது, வீட்டில் பிள்ளை கொதிக்கிறாள். மருந்துப் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

“இந்தா வந்திற்று தம்பி.”

திரையில் ஆற்றங்கரையில் ஒரு தகப்பன் பிள்ளையைக் கூப்பிட்டான். ஒரேயொரு வசனம். சிரிப்பு அடங்கிவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

“மகள், எங்க நிக்காய் எண்டு கேக்கான் சேர். இது சுனாமி வந்த கிழமை பேசினது. ஊட்டுக்குப் போன் எடுபடல்ல. எண்ட மகள் இரிக்காளா இல்லையா எண்டு தெரியா.”

அவள் தப்பிய செய்தி அதற்குப் பிறகுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

எங்கள் வாசலில் இறங்கி மகளைக் கூப்பிட்டேன். அப்படியே காக்காவின் குரல்தான் என் தொண்டையில் வந்தது. ஊரடங்கு நேரம் நெருங்கிவிட்டது, நீங்கள் போங்கள் என்றேன். உள்ளேயிருந்து “அப்பா” என்று கேட்கும்வரை, அந்த மனிதர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பவே இல்லை.